நாற்பதும் நூறும்

பரீட்சைக்கு நாலு நாள்.
சாஸ்கடூனில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பேஸ்மென்ட்டில், துணி காயும் கொடிக்குக் கீழே
ஒட்டுப்பலகை மேல் இரண்டு ஹோல்டர், ஒரு சுவிட்ச்,
கொஞ்சம் கறுப்பு வயர், கொஞ்சம் வெள்ளை.
பழைய சாமான் கடையில்
டாலருக்கு இரண்டென்று தர்மினி பொறுக்கி வந்த
இழை பல்புகள்:
ஒன்று நாற்பது வாட். ஒன்று நூறு.

"ஒண்டுக்குப் பின்னால ஒண்டு கொழுவினால்
எது கூட எரியும், சொல்லும் பாப்பம்?"
நூறுதான், என்றேன்.
நாமக்கல்லில் மூன்று வருஷம் டிப்ளமோ படித்த வாய்,
யோசிக்கவில்லை.
"தோத்தால் நாளைக்கு ஸ்னோ நீர்தான் அள்ளோணும்."
அள்ளுகிறேன்.

சுவிட்சைத் தட்டினாள்.
நாற்பது எரிந்தது.
நூறு சும்மா இருந்தது,
முதல் பந்தியில் உட்கார்ந்தும்
இலையில் எதுவும் விழாத பெரிய மனிதர் மாதிரி.
கை குவித்து மறைத்துப் பார்த்தேன்.
உள்ளே கம்பியில்
ஊதினால் போய்விடும் அளவு சிவப்பு.

மெல்லிய கம்பி, கூடுதல் தடை.
"மறிக்கிறதுக்குத்தான் வெளிச்சம்," என்று சிரித்தாள்.
நாற்பதைக் கழற்றினாள்,
நூறின் அந்தச் சிவப்பும் போனது.

வயரைப் பிரித்து மாற்றி முறுக்கினோம்.
இப்போது நாற்பது நாற்பதாக, நூறு நூறாக.
ஒன்றைக் கழற்றினாலும்
மற்றது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
எங்கள் புத்தகத்தில் இதற்குப் பெயர் பக்க இணைப்பு.
முல்லைத்தீவில் அவள் படித்த புத்தகத்தில்
சமாந்தரம்.
பக்கத்தில் இருக்கிறதா,
கடைசிவரை சந்திக்காமல் போகிறதா,
எது சரியான பெயர் என்று
நூடுல்ஸ் ஆறும்வரை சண்டை.

காலை ஆறு மணி. மண்வெட்டியும் நானும்.
எச் அவென்யூ நெடுக வாசல் விளக்குகள்,
வீட்டுக்கு ஒன்று, முழு வெளிச்சத்தில்.
நாலாவது வீட்டில் மட்டும் இல்லை.
கோவல்சுக் வீடு.
படிகளில் முழங்கால் ஆழம் பனி,
ஒரு பூட்ஸ் தடம் கிடையாது.

எப்போதிலிருந்து?
நேற்று எரிந்ததா? போன வாரம்?
ஞாபகத்தைத் தடவினேன், சுவிட்ச் அகப்படவில்லை.
தெரு முழுக்க ஒரே சரமாய்க் கோத்திருந்தால்
அவர் விளக்கு போன நொடியில் எல்லார் வீடும் இருண்டு,
செருப்போடு வெளியே வந்து, திட்டிக்கொண்டே
வாசல் வாசலாய்த் தேடியிருப்போம்.

கதவைத் தட்டினேன். ஜன்னலைத் தட்டினேன்.
ஓடிப்போய் தர்மினியை எழுப்பினேன்.
கோட்டுக்குள் நைட்டியோடு வந்து
தபால் துவாரத்தில் டார்ச் அடித்தாள்:
கம்பளம், ஒரு நாற்காலியின் கால், இருட்டு.
"இருக்கிறீங்களோ, ஐயா?" என்று தமிழில் கூப்பிட்டாள்.
பயத்தில் அவளுக்கு வேறு பாஷை வரவில்லை.

எதிர்வீட்டில் கார் கண்ணாடியில் பனி சுரண்டியவள்
கையை நிறுத்தாமல் சொன்னாள்:
"அவரா? அரிசோனாவில். நவம்பரிலேயே போய்விட்டார்.
சாவி கொடுக்க முதலில் உங்கள் கதவைத்தான் தட்டினாராம்.
உள்ளே விளக்கு எரிந்ததாம்,
யாரும் திறக்கவில்லையாம்."

அன்று ஜனவரி பத்தொன்பது.

அவர் படிகளையும் அள்ளினேன். பந்தயத்தில் அது இல்லை.
உள்ளே வந்தால்
அவசரத்தில் அணைக்காமல் போன பலகையில்
இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தன,
கொடியில் என் காலுறை ஒன்று காய்ந்து விறைத்திருந்தது.

பரீட்சையில் பதினேழாம் கேள்வி:
பக்க இணைப்பின் நன்மை யாது?
ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும், என்று எழுதினேன்.
குறைபாடு யாது?
அதே வரியை மறுபடி எழுதினேன்.

அரை மதிப்பெண் வெட்டியிருந்தார்கள்.
தர்மினிக்கு முழுசாகக் கிடைத்தது.